குறை என் பெயரில்

எங்கள் வீட்டில் என் ரத்தத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். சம்பந்தம் பேச வந்தவர்கள் பேசியிருக்கிறார்கள், எதிர்வீட்டுக்காரி பேசியிருக்கிறாள், தறிக்குப் பாவு நூல் பிணைக்க வருபவர்கூட ஒருநாள் அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறந்தால் மட்டும் அப்பா எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொள்வார். தறி ஓடினால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. நான் சொல்லவந்தது என் தம்பியின் உயிரைப் பற்றி, ஆனாலும் அப்படித்தான் செய்தார்.

எனக்கு மூளைக்காய்ச்சல் இரண்டு முறை வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்தது இடது காதின் கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போனது. கல்லூரியில் திரும்பவும் அதே காய்ச்சல், அதே கிருமி. முதல் தடவை துரதிர்ஷ்டம் என்று விட்டார்கள். இரண்டாவது தடவை சென்னையில் என்னைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். இந்தக் கிருமி ஒரே ஆளைத் தேடிக்கொண்டு இன்னொரு முறை வராது, வந்தால் உடம்பில் ஏதோ ஒன்று இல்லையென்று அர்த்தம் என்றார்.

அதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது. முடிவு பூஜ்யம் என்று வந்தது. அந்த ரத்தம் சூடு பட்டால் வீணாகிவிடும், ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் ரத்தம் கெட்டிருக்கும், பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். சரி என்று அந்த லேபிலேயே உட்காரவைத்து மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பூஜ்யம். அப்பா இப்போது மெஷினைச் சந்தேகப்பட்டார். அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் எங்கள் குடும்பம்.

காஞ்சிபுரம் என்று சொன்னால் போதும், வெளியூர்க்காரர்கள் நமக்கு எதையும் தறியை வைத்துத்தான் விளக்குவார்கள். அந்த டாக்டரும் பாவு, ஊடை என்று ஆரம்பித்தார். எனக்குத் தறி ஓட்டத் தெரியாது, நேராகச் சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டு நேராகவே சொன்னார்.

ஒரு கிருமியைப் பார்த்து, அதை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே ஆயுதம் செய்வது உடம்பின் ஒரு வகைக் காவல். அதற்கு நாள் பிடிக்கும். அதற்கு முன்னால் முட்டுக்கொடுத்து நிற்பது, பிறக்கும்போதே கூட வரும் காவல். தோல், சளி, கிடைத்ததை விழுங்கும் வெள்ளணுக்கள் எல்லாம் அதில் சேர்த்தி. அவற்றோடு ரத்தத்தில் மிதக்கும் ஒரு கூட்டம் புரதங்களும் உண்டு. காம்ப்ளிமென்ட் என்று அவற்றுக்குப் பெயர். பெரும்பாலும் ஈரல்தான் செய்து அனுப்புகிறது. வேலை இல்லாதபோது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கிருமியின் மேற்பரப்பைத் தொட்டதும் ஒன்று விழித்துக்கொண்டு அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். வெட்டுப்பட்ட துண்டுகளில் சில கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு வெள்ளணுக்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். சில துண்டுகள் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அந்த இடத்துக்கு ஆள் திரட்டும். காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. கடைசியில் இருக்கும் சில புரதங்கள் ஒன்றுகூடி வளையமாகிக் கிருமியின் சுவரில் ஓட்டை போடும். உள்ளே தண்ணீர் புகுந்து கிருமி வெடித்துச் சாகும்.

வீட்டுக்குத் தளம் போடும்போது கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி ஏணி வழியாக மேலே போகுமே, அப்படித்தான் நான் அதைப் புரிந்துகொண்டேன். என் உடம்பில் கீழே நிற்கிற எல்லா ஆளும் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஏணியில் நிற்க வேண்டிய ஒருத்தர் மட்டும் பிறந்ததிலிருந்தே வரவில்லை. மற்றக் கிருமிகளுக்கு, காட்டிக்கொடுப்பதும் விழுங்குவதுமே போதுமாம். அதனால் எனக்குப் புண் ஆறும், சளி பிடிக்கும், விடும், எல்லோரையும் போலத்தான். இந்த ஒரு வகைக் கிருமியை மட்டும் சுவரில் ஓட்டை போட்டால்தான் அடக்க முடியும். எத்தனையோ பேர் தொண்டையில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறதாம். பஸ்ஸில் என் பக்கத்தில் இருமுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எனக்கு ஆகும்.

டாக்டர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். தடுப்பூசியை விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டை போட ஆள் இல்லாவிட்டாலும், கிருமியை விழுங்குகிறவர்களுக்கு அது முன்கூட்டியே அடையாளம் காட்டிவைக்கும். காய்ச்சல் அடித்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு உடம்பில் புள்ளிகள் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் புள்ளி மறையவில்லை என்றால் ரத்தம் தோலுக்கடியில் கசிந்திருக்கிறது, ஓட வேண்டும்.

பிறகு அம்மாவையும் அப்பாவையும் பார்த்து, சொந்தத்திலா கல்யாணம் என்று கேட்டார். அம்மா கட்டிக்கொண்டது தன் அம்மாவின் சொந்தத் தம்பியை. நாங்கள் வெளியில் கொடுத்ததும் இல்லை எடுத்ததும் இல்லை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அப்படியானால் தம்பிக்கும் இது இருக்கலாம், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். அப்பாவின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே நின்றுபோனது.

தம்பிக்குப் பார்க்கவே இல்லை. நான் கேட்ட ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் இருந்தது. முகூர்த்தப் புடவை தறியில் இருக்கிறது, ஆடி முடியட்டும், நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி. உண்மையான காரணம் அவனுடைய கல்யாணம். பெண் சின்ன வயதிலேயே முடிவானவள், அம்மாவுடைய தம்பியின் மகள். பையனுக்கு ரத்தப் பரிசோதனை என்று தெரு முழுக்கப் பேச்சு கிளம்பினால் மாமாவே பின்வாங்கிவிடுவார் என்று பயந்தார்கள்.

என் விஷயத்தில் இந்தப் பயம் ஒன்றும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபியைக் கொடுத்த கையோடு அம்மாவே சொல்லிவிடுவாள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பாவம் என்பாள். மகள் விஷயத்தில் இருந்த அந்த நேர்மை மகன் விஷயத்தில் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இல்லை, புரிகிறது. பிடிக்கவில்லை. வரன்கள் நின்றதும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு செவிலிமேட்டில் தனியாக வீடு எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போன் செய்தாள். தம்பிக்கு அம்மா வந்திருக்கிறாள், வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை நீ இந்தப் பக்கம் வராதே என்றாள். அம்மை என்று வாயால் சொல்லக்கூட அவளுக்குப் பயம். முத்து எப்படி இருக்கிறது, நீர் கோத்திருக்கிறதா என்று கேட்டேன்.

"நீரு ஒண்ணும் இல்லடி. நாவப்பழ கலர்ல திட்டுத்திட்டா இருக்குது. கழுத்த திருப்ப முடியலன்னு மொனகிக்கினு கெடக்கிறான்."

கழுத்து திரும்பாமல் போவது என்னவென்று அந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸுக்கு நிற்காமல் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். தறி நின்றிருந்தது. தம்பியை வேப்பிலைமேல் படுக்கவைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஜன்னலைச் சாத்தச் சொல்லி அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், வெளிச்சம் தாங்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் கொடு என்றேன். எங்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர். தெருமுனை டீக்கடைக்கு ஓடி ஒரு கிளாஸை வாங்கிவந்து அவன் தொடையில் வைத்து அழுத்தினேன். கண்ணாடிக்குக் கீழே புள்ளிகள் அப்படியே இருந்தன, கொஞ்சம்கூட மங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்றதும் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அம்மன் விளையாடுகிற உடம்பில் ஊசி படக் கூடாது, குடும்பமே அழிந்துவிடும் என்றார். அம்மா அழுதுகொண்டே அவர் பக்கம் போய் நின்றாள். எனக்கு இரக்கமே வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"எனக்கு வந்தப்ப ரத்தத்துல குறைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அவனுக்கு வந்தா மட்டும் அம்மாவாப்பா?"

அப்பா வழி விடவில்லை. உள்ளேயிருந்து தம்பிதான் போகலாம் அக்கா, தலை வெடிக்கிறது என்றான். அதற்குப் பிறகுதான் அப்பா நகர்ந்தார். நான் சொன்னதற்காக இல்லை, அவன் சொன்னதற்காக. முதலில் வந்த ஆட்டோக்காரர் மஞ்சளையும் வேப்பிலையையும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தம்பியின் சட்டையை மாற்றி, முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த ஆட்டோவில் ஏற்றினேன். வழி முழுக்க அவன் தலை என் மடியில் கொதித்தது. செத்துப்போனால் இவர்களை விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். பெற்றவர்களை அப்படி நினைக்கலாமா என்று அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

டியூட்டி டாக்டரிடம் எனக்கு என்ன குறை என்று சொன்னேன், இவன் என் கூடப்பிறந்தவன் என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்திலேயே மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

தம்பி பிழைத்தான். எனக்குப் போனதுபோல் அவனுக்குக் காதும் போகவில்லை. சீக்கிரம் கொண்டுவந்ததால் தப்பினான் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள், வீட்டுக்கு வந்ததும் வேண்டுதல் பலித்தது என்றாள். தெரு அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். கோபத்தில் வந்தவள் பாவம் பார்த்து இறங்கிவிட்டாள் என்றார் பூசாரி. என்னைப் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள், பானையைத் தொட மட்டும் விடவில்லை. வேப்பிலையைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தானே.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் தம்பி செவிலிமேட்டுக்கு வந்தான். யாருக்கும் தெரியாமல் பார்த்துவிடலாம் என்று அவனே சொன்னான். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே பரிசோதனை, அதே பூஜ்யம். அங்கேயே தடுப்பூசி போட்டுக்கொண்டான். திரும்பி வரும் பஸ்ஸில், கட்டிக்கொள்ளப் போகிறவளிடமாவது சொல்லிவிடு, ஒரே ரத்தம், பிறக்கிற குழந்தைக்கும் வரலாம் என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சொல்கிறேன் என்றான். நான் நம்பவில்லை.

கல்யாண மண்டபத்தில் மாமி வழி உறவுக்காரம்மா ஒருத்தி என்னைக் காட்டி, இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஏன் ஆகவில்லை என்று அம்மாவிடம் கேட்டாள். மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அம்மா சொன்னாள்.

"அவளுக்கு ரத்தத்துல கோளாறும்மா. அது அவளோட போச்சு. எம் புள்ளைக்கு ஒண்ணும் கெடையாது."

மாலையும் கழுத்துமாக நின்ற தம்பிக்கு அது கேட்டது. போட்டோக்காரர் சொன்னபடி நிமிர்ந்து நின்றான். அன்று நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்காவிட்டால் அந்த மாலைக்குக் கழுத்தே இருந்திருக்காது. இவன் இந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான், இனி நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டுப் பந்தி நடந்தபோது மணப்பெண் அறையில் தனியாக இருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறினேன். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எல்லாம் சொல்லிவிட்டார் என்றாள். அவளும் போய்ப் பார்த்துக்கொண்டாளாம். தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்ததில் அவளுக்கு ஒரு பக்கம் குறை, ஒரு பக்கம் சரி. அவளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குழந்தைக்கு வந்தாலும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துதான் கட்டிக்கொள்கிறேன் அண்ணி என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் குடும்பத்தில் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன், அது பொய் இல்லை.

அவள் என் கையை விடவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வீட்ல உங்களுக்கு மட்டும்தான்னே இருக்கட்டும் அண்ணி. உங்களுக்குன்னா ஏற்கெனவே ஊருக்கே தெரிஞ்சதுதானே. நாளைக்கு எங்க புள்ளைக்கும் பேரு கெடக்கூடாது இல்ல. ஊசி போட நீங்களே கூட்டிக்கினு போங்க. உங்களுக்குத்தான் ஊசின்னு சொல்லிக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. குழந்தைக்கு வேண்டிய எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தாள். அறைய வேண்டும்போல இருந்தது. ஊசி தவறக் கூடாது, காய்ச்சல் என்றால் உடனே எனக்கு போன் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கண்டிப்பாக அண்ணி என்றாள். சரி, ஊசி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இலையில் போய் உட்கார்ந்தேன்.