பாயில் உட்கார்ந்தவர்களுக்கே அடிபடும்

ஜப்பான்காரன் சாமுண்டி மலைமேல் குண்டு போட்டால், அதைக் காயத்துக்குக் கட்டும் ஒரு முக்கோணத் துணியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று மனதார நம்பிய மடையன் நான். நம்பினது போதாதென்று, தொண்டர் படையின் கைப்பட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி, சனிக்கிழமைப் பயிற்சிக்கு மட்டும் கட்ட வேண்டியதைத் திங்கட்கிழமை ஆபீசுக்கும் கட்டிக்கொண்டு போனேன். மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காயக்காரர், "ஏன் சுவாமி, கையில புண்ணா?" என்று கேட்டார். அதற்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

அது சண்டைக் காலம். மெட்ராஸில் குண்டு விழப்போகிறது என்று பயந்து, சொந்தக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து மைசூரில் எங்கள் வீடுகளில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டு எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கும் பயம் தொற்றிக்கொண்டது. கமிட்டி கூடி, கோயில் ஆட்களைக் கொண்டு ஒரு தொண்டர் படை அமைத்தது. தீயணைக்க மணல் வாளி, ஆளைத் தூக்க மூங்கிலும் கோணியும் சேர்த்துத் தைத்த ஸ்ட்ரெச்சர், எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட மூங்கில் பத்தை எல்லாம் வந்து சேர்ந்தன. சொல்லிக்கொடுக்க, முன்பு பட்டாளத்தில் இருந்த ஒரு கிழக் கம்பவுண்டர் வந்தார். நான் காரியதரிசி. கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

எங்கள் கோயிலில் முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். பெஞ்சில் சர்க்கார், ரயில்வே உத்தியோகக் குடும்பங்கள். பாயில் சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கூலிக்காரர்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. யாரும் மாறி உட்காரவும் இல்லை. ஆராதனையில் இருந்த இந்த ஏற்பாடு ஒரு வார்த்தை பேசாமல் பயிற்சிக்கும் வந்துவிட்டது. பெஞ்சுக்காரர்கள் காப்பாற்றுகிறவர்கள், பாய்க்காரர்கள் அடிபட்டவர்கள். நான்கு மாதம், சனிக்கிழமை தவறாமல், கோயில் மைதானத்தில் அவர்கள் படுத்தார்கள், நாங்கள் கட்டினோம். ஜப்பான்காரன் போடுகிற குண்டு பெஞ்சா பாயா என்று விசாரித்துவிட்டா விழும்? இந்தக் கேள்வி அங்கே ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கும்தான்.

எனக்கு அடிபட்டவராக வாய்த்தவர் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். ராமாபுரம் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கம்பவுண்டர் சொல்லச் சொல்ல நான் கட்டுவேன், அவிழ்ப்பேன், மறுபடியும் கட்டுவேன். மறந்தும் போவேன். அவருக்கு வேலை படுப்பது மட்டும் என்பதால் காது சும்மா இருந்தது. சொன்னதெல்லாம் அதில் ஏறிக்கொண்டது.

முதலுதவி சர்ட்டிபிகேட் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தொடையில் போட்ட கட்டை நான் அவிழ்த்துக்கொண்டிருக்கையில் கேட்டார். "சார், பரீட்சைக்கு என்ற பேரையும் எழுதிப் போடுங்க."

"உங்களுக்கு எதுக்கு?"

"பெரிய ஆஸ்பத்திரியில ஆள் தூக்கற வேலைக்கு எடுக்கறாங்களாம். இந்த சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் சேர்ப்பாங்களாம். இருபது வருசமா செத்தவங்களுக்கே பாடுபட்டாச்சுங்க. உசுரோட இருக்கறவங்களைத் தூக்கிப் பார்க்கோணும்னு இருக்குது."

அன்றைக்கே பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். நல்ல எழுத்தில்.

கமிட்டித் தலைவர், தாலுகாவை ஆண்டுவிட்டுப் பென்ஷன் வாங்கும் அமல்தார். பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பெயரில் கண்ணாடியைக் கழற்றினார். "இவன் பரீட்சைக்குப் போயிட்டா யாரய்யா படுக்கிறது? நீர் படுக்கிறீரா?"

கமிட்டி மொத்தமும் சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான். ஹாஸ்யம் எங்கே கேட்டாலும் சிரித்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு.

"அதோட, நம்ம வீட்டுப் பெண்டுகளை இவன் தொட்டுத் தூக்கறதா? பார்த்து எழுதும்" என்றார்.

சிரித்த வாய் மூடுவதற்குள் என் கை அந்தப் பெயரை அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் கோபம் வந்தது. இடிந்த சுவருக்கு அடியில் கிடக்கும்போதுகூடத் தொடுகிறவன் யார் என்று விசாரிக்கிற குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு ஒரே நற்கருணைப் பாத்திரத்தில் வாய் வைக்கின்றன? அமல்தாரிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை நான் ரசத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சை வைக்க வந்தவர் ஒரு வடக்கத்தி ராணுவ டாக்டர். தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. எனக்கு விழுந்த கேள்வி தொடை எலும்பு முறிவு; படுத்தது வழக்கம்போல் குழி வெட்டுகிறவர். முதல் துணியை எடுத்து நேராக முறிந்த இடத்திலேயே வைத்தேன்.

"நெஞ்சுக்கு முதல்ல கட்டுங்க" என்றார், நினைவு தப்பிக் கிடக்க வேண்டியவர். கண் மூடியே இருந்தது. "அப்புறம் இடுப்பு. அப்புறம் கணுக்கால். முறிஞ்ச எடத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேலயே இறுக்கிப் போடாதீங்க சார், வலிக்குது."

சுற்றிலும் காது கொடுத்தேன். மைதானம் முழுக்க இதே முணுமுணுப்பு. அடிபட்டவர்கள் அத்தனை பேரும் தங்களைக் காப்பாற்றுகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இவர் நினைவு தப்பிக் கிடப்பவர் அல்லவா? உதடு அசைகிறதே?"

"ஜெபம் பண்ணுகிறார்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அவர் நம்பவில்லை. குனிந்து கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவர் ஏன் பரீட்சைக்கு வரவில்லை?"

"பட்டியலில் பெயர் இல்லை" என்றார் அமல்தார் சட்டென்று.

"பட்டியல் எழுதியது யார்?"

"நான்" என்றேன். மேலே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பெயர் இருந்தது, அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன் என்று. தரையில் கிடந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் மூங்கில் பத்தையைப் பார்த்தேன். டாக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பெஞ்சுக்காரர்கள் ஒருவர் விடாமல் தேறினோம். சர்ட்டிபிகேட்டுகளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஆஸ்பத்திரி ஆள் எடுத்தபோது எங்களில் ஒருத்தரும் போகவில்லை. குமாஸ்தா ஸ்ட்ரெச்சர் தூக்குவாரா? ஊரில் குண்டும் விழவில்லை. விழுந்திருந்தால் நாங்கள் போட்ட கட்டினாலேயே பாதிப் பேர் போயிருப்பார்கள்.

மனசு கேட்காமல் ஒரு நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டாராம், சர்ட்டிபிகேட் எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதும் மண்வெட்டி நிற்கவில்லை. அமல்தாரை நாலு திட்டுத் திட்டினேன், கமிட்டியைத் திட்டினேன், மிச்சத்துக்கு என்னையும் திட்டிக்கொண்டேன். அடுத்த பரீட்சைக்கு முதல் பெயர் உங்களுடையதுதான், யார் சொன்னாலும் அடிக்கமாட்டேன் என்றேன். அவர் இன்னொரு வெட்டு மண்ணை மேலே வீசினார்.

"சனிக்கிழமை வாங்க. இந்தத் தடவை நான் படுக்கறேன், நீங்க கட்டுங்க" என்றேன்.

"உங்களுக்கு எங்கீங்க சார் அடி?" என்றார்.