ஆள் பார்க்காதபோது தின்னும் மீன்

எங்கள் வீட்டில் அப்போது சாப்பிட மறுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொன்று அவர் வாங்கி வைத்த மீன்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்த மனிதருக்குக் கடல் மீன் வளர்க்கும் ஆசை எங்கிருந்து வந்ததோ, தெரியாது. சிறுவாணித் தண்ணீரை வடிகட்டி, அதில் கடல் உப்பைக் கரைத்து, கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தார். "ஊரே இந்தத் தண்ணிக்கு ஏங்குது, இவன் அதுல உப்பக் கொட்டறான்" என்று அன்னூரிலிருந்து வரும்போதெல்லாம் அவருடைய அக்கா சொல்வார். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். அந்த நங்கையாவே ஒருநாள் கோயில் தெப்பக்குளத்து நினைப்பில் தொட்டிக்குள் இரண்டு கை பொரியை அள்ளிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீ வடிகட்டியால் அதையெல்லாம் அரித்து எடுத்தது நான்தான்.

தொட்டியில் நான்கைந்து மீன்கள். மற்றவை போட்டதைத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். ஒன்று மட்டும் ராங்கி. வெள்ளை உடம்பில் மஞ்சள் பட்டை, ஊசி மாதிரி நீண்ட வாய். கடைக்காரர் அதை பட்டர்ஃப்ளை என்றார். அது தின்பதற்காக என் வீட்டுக்காரர் என் ஃப்ரீசரில், தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில், பொடி இறாலை உறைய வைத்தார். கவிச்சியே ஏறாத வீடு எங்களுடையது. நான் கரடியாய்க் கத்தினேன். "டப்பா மூடித்தானே இருக்குது" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது, பேச்சு குழறியது, கை மட்டும் மடியில் அப்படியே கிடந்தது. நாங்கள் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டார் காய்ந்த தீனியைத் தூவியிருந்தார்கள். மற்ற மீன்கள் பிழைத்துக்கொண்டன. பட்டர்ஃப்ளை மட்டும் வயிறு ஒட்டி, ஒரு மூலையில் நின்றது. வழக்கமான இறாலைப் போட்டாலும் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

இவரும் அப்படித்தான். ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார். மூன்றாவதற்கு உதட்டை இறுக்கிக்கொள்வார். இட்லி, ராகிக் களி, கஞ்சி எல்லாம் செய்தேன். கெஞ்சினேன், திட்டினேன். விழுங்குவதில் ஒரு குறையும் இல்லை, இவர்தான் மறுக்கிறார், இப்படியே இளைத்துக்கொண்டு போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், இடது கைதான் நன்றாக இருக்கிறதே, அதில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடட்டும் என்றாள். நங்கையா அன்று வீட்டில் இருந்தார். "பீச்சாங்கையில சோறு திங்கறதுக்கு எந்தம்பிக்கு அப்படியென்ன கேடு வந்துபோச்சுங்க? ஊட்டி உட நாங்க இல்லையா?" என்றார். இவர் ஸ்பூனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டார். நான் அதை எடுத்துக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன். இடது கை சோற்றில் படுவதை நினைத்தால் எனக்கே கூசியது. பிறந்ததிலிருந்து அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம்.

ஆக, காலையில் மீனுக்கு ஊட்டுவேன், பிறகு மனிதருக்கு ஊட்டுவேன். நீளக் குச்சியின் நுனியில் இறாலைச் செருகித் தண்ணீருக்குள் அந்த வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். தோள் கழன்றுவிடும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவர், குடைச்சல் எனக்கு. ஆனாலும் விட மனசு வரவில்லை. அவர் கட்டிலில் சாய்ந்தபடி அந்த மீனைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது செத்து மிதந்தால் இவர் என்ன ஆவார் என்ற பயம்.

மீன் கடைக்காரரைப் போனில் கேட்டேன். உயிரோடு மட்டிச் சிப்பி கிடைத்தால் ஓட்டைத் திறந்து உள்ளே வைத்துப் பாருங்கள் என்றார். உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். குழம்புக்கா வறுவலுக்கா என்று விற்பவர் கேட்டார். மீனுக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியால் ஓட்டைப் பிளந்தேன். தொட்டிக்குள் இருந்த பாறையடியில் வைத்துவிட்டு எதிரே நின்றேன். மீன் அசையவில்லை. எக்கேடோ கெட்டுப் போ என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஓடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இன்னொன்றைத் திறந்து வைத்துவிட்டுக் கதவோரம் ஒளிந்து பார்த்தேன். ஊசி வாயை ஓட்டுக்குள் விட்டுக் கொத்திக் கொத்தித் தின்றது. என் தலை தெரிந்ததும் விலகிக்கொண்டது. கட்டிலில் இவர் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனைப் பார்த்து எனக்கு ஞானம் வந்தது என்று சொன்னால் பொய். அலுத்துப்போனேன், அவ்வளவுதான். சில நாள் கழித்து ஒரு மதியம் முதல் வாய்க்கே உதட்டை இறுக்கினார். தட்டை அவருடைய இடது பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். "என்னால முடியலீங்க. திங்கறதுன்னாத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சமையலறைத் தரையில் படுத்துவிட்டேன்.

எழுந்து வந்து பார்த்தால் தட்டில் பாதி இல்லை. கட்டிலெல்லாம் பருக்கை. இடது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பாத்துப்போட்டயா?" என்று குழறினார்.

"நான் எதையும் பாக்கலீங்க" என்றேன்.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மட்டியைத் தொட்டியில் வைப்பேன், தட்டை ஸ்டூலில் வைப்பேன், போய்விடுவேன். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் நின்று பரிமாறியவள் நான். இப்போது அவர் சாப்பிடும்போது சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவர் கன்னத்தில் சதை வைத்தது. டாக்டர் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கையா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார், கையில் பொரிப் பொட்டலத்தோடு. நான் ரசக் கிண்ணத்தோடு சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் கூடத்துக்கே போய்விட்டார். இவருடைய இடது கை தட்டில் இருந்தது, விரலெல்லாம் சோறு. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்போது கையை இழுத்துக்கொண்டால் இனி ஒருநாளும் தட்டில் வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நங்கையா வாயைத் திறந்தால் சண்டைக்குப் போவதென்று முடிவே செய்துவிட்டேன்.

இவர் கையை எடுக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "அக்கா... கொஞ்சம்... ரசம்" என்றார்.

நங்கையா பொட்டலத்தை அப்படியே கீழே வைத்தார். என் கையிலிருந்த ரசக் கிண்ணத்தை வாங்கி, அந்தக் கைக்குப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து ஊற்றினார். "உண்ணு சாமி" என்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, அவர் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டியில் பொரி மட்டும் போட்டுப்போடாதீங்க என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்தேன். பொழுது சாயும்வரை தூங்கினேன்.