காலிக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பப் படம்

அந்தப் படத்தில் கட்டில் காலியாக இருக்கிறது. மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு, தலையணைமேல் ஒரு ஜெபமாலை, சுற்றிலும் மூன்று பேர். தலைமாட்டில் மனைவி, ஒரு பக்கம் மகன், எதிர்ப்பக்கம் மகள். ஆளில்லாத கட்டிலை ஏன் இப்படிச் சுற்றி நிற்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். படத்தை எடுத்தவர் ஸ்டுடியோ அண்ணாச்சி. அந்தக் கட்டிலில் படுத்திருக்க வேண்டியவரும் அவர்தான்.

இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களின் வீடுகளுக்குப் போய், வலிக்கு மருந்து கொடுத்துப் புண் கட்டிவிடும் நர்ஸ் நான். தூத்துக்குடியில் நான் நுழையாத தெரு குறைவு. சில வருடங்களுக்கு முன் எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. நோயாளிகள் கையிலேயே சின்னக் கேமரா ஒன்றைக் கொடுப்போம், தங்கள் நாட்களை அவர்களே படம் எடுக்கட்டும், பிறகு அந்தப் படங்களை வைத்துக்கொண்டு பேசுவோம் என்றார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கும் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு, அதனால் முதல் ஆளாகத் தலையாட்டினேன். உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா ஃபேனை மட்டுமே திரும்பத் திரும்ப எடுத்திருந்தார். “நாள் முழுக்க இதத்தான பாத்துக்கிட்டுக் கிடக்கேன்” என்றார். அந்த வீட்டில் அத்தனை நாள் நின்றிருந்தும் நான் ஒருமுறைகூட மேலே பார்த்ததில்லை.

அண்ணாச்சிக்கு நுரையீரலில் புற்று. கடற்கரைத் தெருக்களின் கத்தோலிக்க வீடுகளில் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றையும் படமெடுத்தவர் அவர். சாவையும்தான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமே அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். கப்பல் வேலையிலிருந்து வந்தவர், வருடக்கணக்காகப் பேசாதவர், எல்லோரும் அந்த ஒரு படத்தில் இருப்பார்கள். யார் பெட்டியைத் தொட்டு நிற்கிறார், யார் வாசலோடு நின்றுவிடுகிறார் என்பதை வைத்தே அந்த வீட்டுச் சண்டையை அண்ணாச்சி சொல்லிவிடுவாராம். எங்கள் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்ன சிஸ்டர், சோப்பு டப்பாவக் கொண்டாந்திருக்கிய?” என்று சிரித்தார். ஆனால் திருப்பித் தரவில்லை.

அடுத்த முறை போனபோது அதில் ஒரு படமும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “எஞ் சாவு போட்டோவ நானே எடுக்கணும்” என்றார். “மாதாவே, என்ன பேச்சு பேசுதிய!” என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் மகளைப் பற்றியது. உடன்குடிப் பக்கம் ஒரு இந்துப் பையனைத் தானாகவே கட்டிக்கொண்டு போனவள் அதன்பின் வீட்டுப் படியேறவில்லை. அண்ணாச்சிக்குக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆறாதவன் மகன்தான். அக்கா என்ற சொல்லே அவன் வாயில் வராது. “நான் பெட்டிக்குள்ள கிடக்கும்போது அவ வந்து நிப்பா. யாரும் தடுக்க மாட்டாவ. ஆனா அத நான் பாக்க முடியாதுல்லா சிஸ்டர்?” என்றார் அண்ணாச்சி. இத்தனை சாவு வீடுகளுக்குப் போனவள் நான், இப்படி ஒரு ஆசையைக் கேட்டதே இல்லை. நானே அவளுக்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு அவள் ஒரு சிப்பம் கருப்பட்டியோடு வந்தாள். மகன் பைக் சாவியை எடுத்தான். “அவ நிக்கிற எடத்துல நான் நிக்க மாட்டேன்” என்றான். அண்ணாச்சிக்குக் கத்த மூச்சில்லை. “ஏலே, பெட்டிகிட்ட நிப்பியா மாட்டியா? அப்ப நிப்பன்னா இப்பவும் நில்லு” என்றார். மகன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு ஒரு பக்கம் போய் நின்றான். கேமராவோடு நாற்காலியில் உட்கார்ந்த அண்ணாச்சியின் முழங்கையை நான் தாங்கிக்கொண்டேன். மகள் வாசலை ஒட்டியே நின்றாள். “ஏளா, உள்ள வா. இன்னும் வா. கட்டிலத் தொடு” என்றார். தொட்டாள். மகன் கடைசிவரை சுவரைத்தான் பார்த்தான், படத்திலும் அப்படித்தான் இருக்கிறான். தான் இல்லாத கட்டிலைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன். “வெளிச்சம் பத்தல” என்றார். பிறகு எடுத்த படத்தைக் கேமராவில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “ஆனா ஆளு கொறையல” என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது சாவு வீடுகளில் செல்போன் தூக்காத கை இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று என் கண் தேடுகிறது. அண்ணாச்சி வீட்டுச் சாவிலும் தேடியது. பெட்டியை மூடும் நேரம், வேறு ஸ்டுடியோவிலிருந்து வந்தவர், “குடும்பத்து ஆளுவ சுத்தி நில்லுங்க” என்று கேமராவைத் தூக்கினார். மகன் கையை நீட்டி மறித்தான்.

“வேண்டாம்ணே. அப்பா எடுத்துட்டாவ.”

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னான்.

“அக்காவும் இருக்கா அதுல.”