இல்லாத வீட்டுக்குள் ஓர் இறக்கை

பாப்பாவுக்கு நாற்பத்தைந்து வயது. பெயர் மட்டும் வளரவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், புறம்போக்கு நிலத்தில் மண்சுவர் எழுப்பிக் கீற்று வேய்ந்து பதினாறு வருஷமாகக் குடியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஆறு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்து, மகள் ஜாய்ஸைப் பத்தாவது வரை கொண்டுவந்துவிட்டாள். அணுவைப் பிளக்கிறவர்களின் தட்டைக் கழுவுகிறோம் என்று கொஞ்சம் பெருமை வேறு.

வாழ்க்கையில் அவளுக்கு ஒரே ஆசைதான். தன்னை ஆக்கிரமிப்பாளர் என்று அரசாங்கம் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

சிரிக்க வேண்டாம். அரசு நிலத்தில் குடிசை போட்டவர்களுக்கு 'பி மெமோ' என்று ஒரு சீட்டு வரும். 'இந்த இடத்தை வளைத்துப் போட்டிருக்கிறாய்' என்று கண்டிக்கிற சீட்டு. வெளியூர்க்காரன் பார்த்தால் பயப்படுவான். நம் பக்கத்து ஜனங்கள் அதைப் பெட்டிக்குள் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதைக் காட்டித்தான் பட்டா கேட்க முடியும்.

வி.ஏ.ஓ. பார்த்தசாரதி மெமோ தர மாட்டேன் என்றார். "ஒனக்கு எழுதிக் குடுத்தா, இத்தினி வருசமா நீ இன்னாய்யா பண்ணிகினு இருந்தேன்னு என்னியக் கேப்பாங்க" என்பது அவர் நியாயம். ஆகவே வருஷா வருஷம் தன் கணக்கில் அந்த இடத்துக்கு எதிரே 'காலி' என்று முத்துமுத்தாக எழுதிவந்தார். வெயில் காலத்தில் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து பாப்பா கொடுக்கும் மோரையும் குடித்துவிட்டுப் போவார்.

1998 மார்ச்சில் ஒரு மத்தியானம் விமானம் வந்தது. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். எஞ்சின் நின்றுபோனால் எங்கே இறக்குவது என்று கேப்டன் கோபாலகிருஷ்ணன் தன் மாணவன் ஷ்யாமுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு இடத்தைக் காட்டச் சொன்னார். ஷ்யாம் மேலிருந்து பார்த்து, "அதோ, காலி இடம் சார்" என்றான். வி.ஏ.ஓ. உத்தியோகத்துக்குப் போக வேண்டிய பையன். கொஞ்ச உயரம் வரை இறங்கிவிட்டு மறுபடி மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் பாடம். ஆனால் எஞ்சின் அந்தப் பாடத்தை நிஜமென்றே எடுத்துக்கொண்டுவிட்டது. வேகம் கொடுத்தும் அது எழவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு வரப்பில் இடறியது. விமானம் அரைவட்டம் சுற்ற, இடது இறக்கையின் நுனி சுவரைப் பிளந்துகொண்டு பாப்பாவின் அடுப்படிக்குள் முறிந்து விழுந்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த பாப்பா, "இயேசப்பா, ஜாய்ஸ் பள்ளிக்கூடத்துல கீறா" என்று சொல்லிச் சொல்லி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, சிராய்ப்போடு தப்பித்த இருவருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் ஜீப்புகள் வந்தன; தாசில்தாரும் வந்து இறங்கினார். "வீடு இல்லாத இடமாப் பார்த்துத்தான் இறக்கினோம்" என்றார் கேப்டன். "ஆமா சார், இங்க வீடே கிடையாது" என்றார் பார்த்தசாரதி. முன்பின் பார்த்திராத இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒத்துப்போனார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சாமர்த்தியமாக இறக்கினார் என்று பேப்பரிலும் வந்துவிட்டது.

விமான விபத்து விசாரணைக்கு வந்த அதிகாரி செல்வராஜ் மட்டும் டேப்பை நீட்டி அளந்துகொண்டே வந்து, "இறக்கை நுனி எங்கே? ஒரு துண்டு விடாமல் வேண்டும்" என்றார். எல்லாரும் அடுப்படியைப் பார்த்தார்கள்.

பாப்பா படலைச் சாத்திவிட்டுக் குறுக்கே உட்கார்ந்தாள்.

"நவுரும்மா, உள்ள போவணும்" என்றார் பார்த்தசாரதி.

"எதுக்குள்ள சார்? இங்கதான் வூடே இல்லியே?"

அவர் முகம் சிவந்தது. "அந்தச் செவுத்த இடிச்சுத் தள்ளிட்டு எடுத்துக்கலாம் சார்" என்று செல்வராஜிடம் யோசனை சொன்னார். ஒரு கடப்பாரை போதும், காலி என்று அவர் எழுதியதெல்லாம் அரை மணியில் உண்மையாகிவிடும்.

நல்லவேளை, செல்வராஜ் முடியாதென்று தலையாட்டினார். "சுவரைத் தொடக் கூடாது. உள்ளே கிடக்கிறபடியே படம் எடுக்கணும். குடியிருப்பவர் கையெழுத்தும் வேணும். இது யார் வீடு?"

பார்த்தசாரதி ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் போடறேன் சார் கையெழுத்து. இது என் வூடுன்னு அவரு எழுதித் தரட்டும். திட்டியே எழுதித் தரட்டும்" என்றாள் பாப்பா.

வெயிலில் நின்ற தாசில்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ் பார்த்தசாரதி, ஒரு பி மெமோ எழுதித் தொலையும்!"

ஜீப் பானெட்டின் மேல் வைத்து மெமோ எழுதப்பட்டது. பாப்பா இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படலைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் ஜாய்ஸ் அதை வாசித்தாள். பெயர் சரி. இடம் சரி. ஆக்கிரமித்த நாள் என்ற இடத்தில் முந்தின நாள் தேதி. பதினாறு வருஷம் என்று எழுதினால் பார்த்தசாரதி அல்லவா பதில் சொல்ல வேண்டும்? அரசாங்கக் கணக்கில் பாப்பாவும் விமானமும் ஒரே நாளில் வந்து இறங்கியிருந்தார்கள்.

"ஏமாத்திட்டாரும்மா! நான் பொறந்ததே இந்த வூட்லதானே!" என்று ஜாய்ஸ் கத்தினாள்.

பாப்பா இடிந்த சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பதினாறு வருஷம் என்பது அழாமல் விட்டுவிடக்கூடிய காலமா? பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் கிடந்த மண்கட்டிகளைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"நேத்துதான் குடி வந்துகீறோமாம். போயி பாலு வாங்கினு வாடி, காய்ச்சணும்."