பாலத்தடியில் மாறிய ஓட்டுநர்

ஆற்றுப் பாலத்தின் இக்கரைச் சோதனைச் சாவடியில் அவளைக் கம்பியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அக்கரை நாட்டுச் சாவடிக்குப் போகும் நேரடித் தொலைபேசிக் கம்பி பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. இரு நாட்டுப் போலீஸும் கைகோத்த நாளிலிருந்து, தேடப்படுகிறவன் எந்த வண்டியில் வருகிறான் என்ற தகவல் அவள் வாய்வழியாகத்தான் அக்கரை சேரும். தாளில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. வீட்டில் வாய் ஓயாதவள்தான். போனை எடுத்தால் மட்டும் மனுஷி மாறிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்?

அன்று காலை பதினொன்றே காலுக்கு இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். நீலத் தார்ப்பாய் போட்ட லாரி, அதன் எண். ஓட்டுநர் இரு நாட்டிலும் தேடப்படும் ஆள், துப்பாக்கி வைத்திருப்பான். கை கீழே போனால் சுடலாம்.

அவள் எண்ணை மறுபடி படித்தாள். சற்று முன் அந்த லாரியில் அவளுடைய தம்பி ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

அக்கரையில் ஓட்ட அனுமதி அட்டை உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர்தான், தம்பி அதில் ஒருவன். மற்ற ஓட்டுநர்கள் கேட்டில் பெயரைப் பதிந்துவிட்டு, பாலத்தடியில் வண்டியை இவர்களிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் ஒருவன், ஸ்டியரிங்கில் இன்னொருவன். ஒரு மாதம் முன்பு வந்த இன்ஸ்பெக்டரைத் தவிரச் சாவடியில் இது தெரியாதவர் இல்லை. எழுதி வைத்தவரும் இல்லை.

தம்பி காகிதங்களை இருக்கைக்கு அடியில்தான் திணித்து வைப்பான். வண்டியை நிறுத்தினால் முதல் வேலையாகக் குனிவான், கடன்காரப் பயல்.

"வாசிங்கம்மா, வண்டி பாலத்துல ஏறிடுச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

போனை எடுத்து எண்ணை வாசித்தாள். ஓட்டுநர் என்ற இடம் வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணா, சுடாதீங்க. ஓட்டுறவன் மாறிட்டான். நீங்க தேடுறவன் இங்க கொட்டகையில கெடக்கான். வண்டியில வர்றது என் தம்பி."

"என்னம்மா உளறறீங்க?" இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்க வந்தார். அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டது அக்கரைக் குரல். "தப்பா இருந்தா எங்க ஆளு சாவான்மா."

அவள் பார்த்தது ஏறுகிறவனின் பின்பக்கத்தைத்தான், முகத்தை அல்ல. ஆனால் கூடப் பிறந்தவனை அடையாளம் தெரியாதா?

"பார்த்தேன். அவன் குனிவான், காகிதம் எடுக்கத்தான் குனிவான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுமுனையில் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு நொடி அவளை முறைத்தார், பிறகு ஆட்களோடு கொட்டகைக்கு ஓடினார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். நாலு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை.

"ஆள் பத்திரம்," என்றது குரல். அவள் போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

கொட்டகையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தவன் துப்பாக்கியோடு பிடிபட்டான். இன்ஸ்பெக்டர் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார், நடந்ததை வெளியே மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார்.

சாயங்காலம் தம்பி முழங்கையெல்லாம் சிராய்ப்போடு அவள் வீட்டுக்கு வந்தான்.

"எவனோ வெளங்காத பய தகவல் குடுத்திருக்கான்க்கா. ஒரு மணி நேரம் ரோட்டுல குப்புறப் படுக்க வெச்சுட்டானுங்க."

"அந்தப் பய நல்லா இருக்கட்டும். நீ சாப்பிடு." அழுகை வந்தது, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நானாவது தப்பிச்சேன்," என்றான் அவன் சோற்றைப் பிசைந்தபடி. "போன மழையில ஒருத்தனைச் சுட்டாங்களே, அவனும் மாத்தி ஏறினவன்தான். பாவம்."

அந்தத் தகவலையும் அக்கரைக்கு வாசித்தவள் அவள்தான். வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவே இல்லை.

"அவனுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டாடா?"

"ஒரு அக்கா இருக்கு. ஏன் கேக்கற?"