மேலாண்ட

தாம்பரத்தில் காலை ஏழரைக்குப் பேருந்து ஏறினேன். ஒரகடத்துக்கு ஒன்றேகால் ரூபாய் சீட்டு. என் மகளுக்குப் பேசியிருக்கும் செல்வராஜ் அங்கே மனை வாங்கியிருந்தார். எங்கள் குழித்துறைக்காரர்தான், மறைமலை நகரில் ஃபிட்டர். மகள் வாழப்போகும் இடத்தைப் பார்த்து, அன்றைக்கே நான் சம்மதம் சொல்லவேண்டும்.

படப்பை தாண்டியதும் ஏரி, கரை, வயல், மேட்டில் ஊர், மறுபடி ஏரி. ஒன்று நிரம்பி அடுத்ததில் வழிந்து, கடைசியில் அடையாறு ஆகுமாம். பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஆறு எங்கே என்றேன்.

"இம்மாநேரம் அதுலதான வந்துகினு இருக்கோம்!"

எனக்குத் தெரிந்தது காய்ந்த தரைதான்.

ஒன்பது மணிக்கு இறங்கினேன். சாலைக்கு மேற்கே ஊர். டீக்கடை அம்மாளிடம் மனையைப் பற்றிக் கேட்டேன்.

"மேலாண்ட போ நைனா, கடேசி."

மேலே போகச் சொல்கிறார் என்று மேட்டில் ஏறினேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வாழை வைக்க இடமில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கமோ பரந்த வெற்றுநிலம். இத்தனை இடமிருக்க ஏன் இந்த நெருக்கம்? எங்கள் ஊரில் ஆளுக்கொரு விளை, அதாவது தோட்டம், அதன் நடுவே வீடு.

ஆடு ஓட்டிவந்த ஒரு பெண் சிரித்தாள். "மேலாண்டன்னா மேக்கால. நீ இன்னா, மேடேறி நிக்கிறே?"

எங்களுக்கு மலை கிழக்கே, கடல் மேற்கே. மேற்கு என்றால் இறக்கம். இங்கே மேற்குதான் மேல். ஆனால் அவளோடு மேற்கே போனால், கரையேறிப் பள்ளத்தில் அல்லவா இறங்கினோம்!

நான்கு கல் நட்டு, நடுவில் செல்வராஜ் நின்றிருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னம்பிள்ளையும் வைத்திருந்தார். நிலத்து வெடிப்புகளில் நத்தை ஓடுகள்.

"ஏரி உள்வாயில வூடா? மழை வந்தா மீனாண்ட வாடகை வாங்கிக்கோ" என்றாள் ஆட்டுக்காரி.

செல்வராஜ் முகம் வாடியது. "நாலு வருசமா இங்க தண்ணியே நிக்கல்ல, மாமா."

"நாலு வருசத்துக்கா ஊரு கட்னாங்க?" என்று ஆடுகளோடு போய்விட்டாள்.

எனக்குப் பாதி புரிந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் ஓடிவிடுகிறது. அதனால் வீடுகள் பரவிக் கிடக்கின்றன. இங்கே தண்ணீரைப் பரவவிட்டு, மனிதர்கள் மேட்டில் ஒடுங்கிக்கொண்டார்கள். ஆனால் நான்கு வருடம் தண்ணீர் நிற்காததும் உண்மைதானே? அந்தத் தென்னம்பிள்ளையின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டேன்.

நான்கு மணிப் பேருந்தின் படியில் நின்றுதான் சொன்னேன்: "சம்மதந்தான். வீட்ட மட்டும் மேல கெட்டணும்."

அவர் முகம் மலர்ந்தது. "மேலாண்டதான் மாமா கெட்டப்போறேன்!"

பேருந்து நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜன்னலில் தலையை நீட்டி, "மேடு! மேடு!" என்று கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. செல்வராஜ் சிரித்தபடி ஊர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

மேட்டைக் காட்டினாரா, மேற்கைக் காட்டினாரா? சாலையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே திசையில்தான் இருக்கின்றன.