பசறை பஸ்ஸில் கேட்ட குரல்

காலையில பசறை பஸ்ஸில பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து அக்கா. படபடன்னு இருந்தாங்க.

"ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைகளுக்கு ஊசி போடுறாங்க. அதுக்கு முந்தி மகளைக் கூட்டிட்டு வந்துறணும்."

"அது கர்ப்பப்பைப் புற்றுநோய் வராம இருக்கத்தானேக்கா?"

"புள்ளையே பொறக்காதாம். எங்கம்மாவை லொறியில ஏத்திட்டுப் போய் கருத்தடை ஆபரேஷன் பண்ணுனாங்க தங்கச்சி. எப்படி நம்புறது?"

"புள்ளை பொறக்காதுன்னு யாருக்கா சொன்னது?"

போன்ல வந்த வொய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டுனாங்க. அந்த ஊசியைப் போட்டா புள்ளையே பொறக்காதுன்னு சொல்றது எங்க சித்தப்பா குரல்!

"இவரு எங்க சித்தப்பாதான்க்கா. போன மாசம் நாய் கடிச்சதும் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒரு ஊசி விடாம போட்டுக்கிட்டவரு!"

அக்கா ஸ்கூல் கிட்ட இறங்கி ஓடுனாங்க. மகளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களான்னு தெரியாது.

சித்தப்பா, இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கமெண்டுக்கு வாங்க. கடிச்ச இடம் ஆறிருச்சா?